எழுதிய காலமும் வெளிவந்த காலமும்: ஈ. எம். பார்ஸ்டரின் ‘மாரிஸ்’

அச்சு நூல்களின் காலத்தை வரையறுக்கப் புகுவோர், அவை வெளிவந்த ஆண்டையே பெரும்பாலும் சான்றாகக் கொள்வர். எழுதிய காலத்திற்கும் வெளிவந்த காலத்திற்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றிருக்குமாயின், அவ்விடைவெளியே ஆராய்ச்சிக்குரிய பொருளாகின்றது. ஆங்கிலப் புதின ஆசிரியர் ஈ. எம். பார்ஸ்டர் (1879–1970) இயற்றிய ‘மாரிஸ்’ இத்தகையது. 1913-இல் தொடங்கப்பெற்று 1914-இல் முடிந்த அந்நூல், ஆசிரியர் மறைந்தபின் 1971-இல் வெளிவந்தது. இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

பார்ஸ்டர் தன்பாலீர்ப்பு உடையவர். ஆடவர் இருவர் தனிமையில் கொள்ளும் உறவையும் தண்டனைக்குரியதாக்கிய இங்கிலாந்துச் சட்டம் 1885-இல் நிறைவேறியபோது அவர் ஆறு வயதுச் சிறுவர். அச்சட்டத்தின்கீழ் ஆஸ்கார் வைல்டு 1895-இல் ஈராண்டுக் கடுங்காவல் பெற்றபோது அவருக்கு வயது பதினாறு. அவர்தம் இளமை இவ்வச்சத்தின் நிழலில் கழிந்தது என்க.

1913-இல் அவர் ஷெபீல்டு நகரை அடுத்த மில்தார்ப்பில் எட்வர்டு கார்ப்பெண்டரைக் கண்டார். உயர்குடிப் பிறந்த கார்ப்பெண்டர், உழைக்கும் குடியினராகிய ஜார்ஜ் மெரிலுடன் மறைவின்றி இல்லறம் நடத்தியவர். அச்சந்திப்பே தம் நூலுக்கு வித்தாயிற்று எனப் பார்ஸ்டரே குறித்துள்ளார். பங்குத் தரகனாகிய மாரிஸ், வேட்டைக்காட்டுக் காவலன் அலெக்குடன் இணையும் கதையில் அவ்வித்தின் தன்மை நன்கு புலனாகும்.

நூல் மறைக்கப்பட்டமைக்கு அதன் பொருளே காரணம் என்பர். அது முழு உண்மையன்று. காதலர் இருவரும் இறுதியில் இன்புற்று வாழ்தல் வேண்டும் என்பதில் பார்ஸ்டர் உறுதியாக இருந்தார். கதை சாவில் முடிந்திருப்பின் வெளியிடுதல் எளிதாயிருக்கும் என்பது 1960-இல் அவர் எழுதிய பின்குறிப்பால் பெறப்படும். எனவே, குற்றவாளிகள் எனப்பட்டோர் தண்டனையின்றி வாழ்வதாகக் காட்டியதே பெருந்தடை ஆயிற்று என்று யாம் கருதுகின்றோம்.

1924-இல் வெளிவந்த ‘எ பேசேஜ் டு இந்தியா’விற்குப் பின் அவர் புதினம் எதனையும் வெளியிடவில்லை. ஆண் பெண் காதல் ஒன்றையே எழுத இயலும் நிலையால் தமக்கு நேர்ந்த சலிப்பை அவர் 1911-ஆம் ஆண்டு நாட்குறிப்பிலேயே பதிந்துள்ளார். இஃது ஒன்றே காரணம் எனத் துணிதல் மிகையாகும், எனினும் புறக்கணித்தற்குரியதன்று.

1957-இல் உல்பெண்டன் குழு சட்டத்தைத் திருத்தப் பரிந்துரைத்தது. பத்தாண்டு கழித்து, 1967-இல், இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர் தனிமையில் இசைந்து கொள்ளும் உறவு இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றமன்று என்றாயிற்று. அப்போது பார்ஸ்டருக்கு வயது எண்பத்தெட்டு. அதன் பின்னரும் அவர் நூலை வெளியிடவில்லை. சட்டம் நீங்கினும் அது விளைத்த அச்சம் உடன் நீங்குவதில்லை போலும்.

இங்கு ஒரு தடை எழலாம். ஆசிரியர் முதுமை வரை நூலைத் திருத்திவந்தார். மரம்வெட்டிகளாக வாழும் காதலரை மாரிஸின் தங்கை காணும் பழைய முடிவுரையை நீக்கியும் விட்டார். ஆதலின் 1971-ஆம் ஆண்டுப் பதிப்பின் ஒவ்வொரு சொல்லையும் 1914-க்கு உரியதாகக் கொள்ளல் பொருந்தாது. ஆயினும் அதன் கருவும் இன்ப முடிவும் 1914-க்கு உரியனவே.

ஆகவே ‘மாரிஸ்’ இரு காலம் உடைய நூல். 1971-இல் மட்டும் அதனை வைப்போர், 1914-இல் இவ்வாறு எழுதுவார் எவரும் இலர் என்று மயங்குவர். 1914-இல் மட்டும் வைப்போர், அக்காலப் பொதுமக்கள் அறியாத நூலுக்கு இல்லாத செல்வாக்கை ஏற்றுவர். தன்பாலீர்ப்பினர் வரலாற்றை எழுதப் புகுவோர் இரண்டையும் உளங்கொளல் வேண்டும். நூல் அச்சேறாமை, அஃது எழுதப்பெறாமைக்குச் சான்றாகாது.