ஆசிய அரசியலை எங்கே கற்பது?

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்று பின்னர்ப் பட்டதாரியான இளைஞர் ஒருவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் அனுமதிக் கடிதத்தோடு என்னைக் காண வந்தார். தென்கிழக்காசிய அரசியலில் முதுமாணிப் பட்டம் பெறுவது அவர் நோக்கம். தந்தையார் காணியை ஈடு வைத்துப் பணம் தேடியிருந்தார். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டு மகிழ்ந்து நானும் வாழ்த்தி அனுப்பினேன். எந்தப் பேராசிரியரை நாடிச் சென்றாரோ அவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்பதும், மலாய்மொழி வகுப்பு நிறுத்தப்பட்டுவிட்டது என்பதும் அங்கே சென்ற பின்னரே அவருக்குத் தெரியவந்தன. அன்று நான் கேட்கத் தவறிய வினாக்களை இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலாவது, வேண்டுவது ஒரு துறையின் பட்டமா, ஒரு பிரதேசத்தின் பட்டமா என்பது. அரசியல் விஞ்ஞானத் துறை, பல நாடுகளை ஒப்புநோக்கும் முறையைக் கற்பிக்கும். பிரதேசக் கல்வியோ ஒரு நிலப்பரப்பின் மொழி, வரலாறு, சமயம், அரசியல் ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்கும். இலண்டனில் 1916 இல் நிறுவப்பட்ட கீழைத்தேயக் கல்விக் கழகம், குடியேற்ற நாடுகளுக்குச் செல்லும் உத்தியோகத்தருக்கு மொழி கற்பிப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் 1950 இல் தென்கிழக்காசியத் திட்டம் தொடங்கிற்று. ஆயினும் அங்குக் கலாநிதிப் பட்டம் அரசியல், வரலாறு முதலிய துறைகளின் வழியாகவே பெறப்படுகின்றது. பல்கலைக்கழக விரிவுரையாளராக விரும்புவோர் துறைப் பட்டத்தையும், இராசதந்திர சேவை, பத்திரிகைத் தொழில் ஆகியவற்றை நாடுவோர் பிரதேசக் கல்வியையும் முதலில் ஆராய்வது நன்று.

இரண்டாவது வினா மொழியைப் பற்றியது. கோர்ணெலில் பயின்ற பெனடிக்ற் அண்டர்சன் இந்தோனேசிய மொழியையும் யாவக மொழியையும் கற்றுத் தம் ஆராய்ச்சியைச் செய்தார். 1972 இல் அந்நாடு அவருக்குக் கதவடைத்தது. 1998 இல் சுகார்த்தோ பதவி துறக்கும்வரை அத்தடை நீடித்தது. அவர் சோர்ந்துவிடாது, தாய்மொழி எனப் பெயர் வழங்கும் சீய நாட்டு மொழியைக் கற்று அந்நாட்டு அரசியலை ஆராய்ந்தார். ஜேம்ஸ் ஸ்கொற் என்பார், 1978க்கும் 1980க்கும் இடையில் மலேசியாவின் கெடா மாநிலத்து நெற்செய்கைக் கிராமமொன்றில் தங்கி, ஏழை உழவர் வாய்திறவாமலே காட்டும் எதிர்ப்பைக் கண்டு 1985 இல் நூலாக்கினார். மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பியிருந்தால் இவ்வறிவு கிட்டியிராது. ஆகவே, நீங்கள் கற்க விரும்பும் மொழி அங்கு எந்த நிலைவரை, ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகின்றதா என எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது, யார் கற்பிப்பார், எவர் பணம் கொடுப்பார் என்பது. உங்களை மேற்பார்வை செய்யக்கூடிய ஆசிரியர் இருவரேனும் அங்கு இருத்தல் வேண்டும். ஒருவரை மட்டுமே நம்புதல் ஆபத்து. பிரித்தானியாவில் முதுமாணி வகுப்பு பெரும்பாலும் ஓராண்டு, அமெரிக்காவில் இரண்டாண்டு. அமெரிக்கப் பெரும் பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவருக்குக் கட்டணமும் உதவிப்பணமும் அளிப்பதுண்டு. முதுமாணி மாணவருக்கு அச்சலுகை அரிது. எனவே கடன்பட்டுச் செல்வோர் கடிதத்திலுள்ள தொகையை இருமுறை கணக்கிடுதல் வேண்டும்.

அண்மை நாடுகளையும் மறத்தலாகாது. 1955 இல் தோன்றிய இந்திய சர்வதேசக் கல்விக் கழகம் பின்னர்ப் புதுடில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சிங்கப்பூரில் 1968 இல் அமைந்த தென்கிழக்காசியக் கல்வி நிறுவகம் சிறந்த நூலகமுடையது. ஆனால் அது பட்டம் வழங்குவதன்று.

என் மாணவர் பட்டத்தோடு திரும்பி வந்தார். மலாய்மொழியைப் பின்னர்த் தம் முயற்சியால் கற்கத் தொடங்கினார். காணியை மீட்கப் பல ஆண்டுகள் சென்றன. விண்ணப்பிக்குமுன் எழுதப்படும் கடிதம் ஒன்று இவ்வருத்தத்தைத் தவிர்த்திருக்கும். பெற்றோரும் ஆசிரியரும் அக்கடிதத்தை எழுதத் தூண்டுவார்களாக.