திரைப்பிடிகள் எங்கே தங்குகின்றன?

விண்ணப்பம் அனுப்பியதும் கணினித் திரையில் ஒரு பதிவெண் தோன்றுகிறது. கட்டணம் செலுத்தியதும் ஒரு ரசீது தோன்றுகிறது. அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காத மாணவர் நம் விடுதியில் இலர். தமிழில் நான் அதைத் திரைப்பிடி என்கிறேன். திரைப்படம் என்றே சொல்லலாம், சினிமாக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்! ஆனால் எடுத்த பிடி எங்கே போய்த் தங்குகிறது என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள்.

சென்ற பருவத்தில் என் அறைத்தோழர் தம் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். கடைக்காரர் சி டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தந்தார். டி டிரைவிலிருந்த பாடக் குறிப்புகள் பிழைத்தன. உதவித்தொகை விண்ணப்பத்தின் ஒப்புகைப் பக்கம் போயிற்று. அலுவலகத்தார் கேட்டதோ அந்தப் பக்கத்தைத்தான். மூன்று வாரம் அலைந்தார்.

காரணம் இதுதான். விண்டோஸ் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கும். படம், பிக்சர்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற உறைக்குள் போய்விடும். அந்த உறை இயல்பாக இருப்பது சி டிரைவில்.

இடத்தை மாற்றுவது எளிது. முதலில் டி டிரைவில் புதிய கோப்புறை ஒன்று அமைத்துக்கொள்ளுங்கள். டி டிரைவையே நேராகக் காட்டிவிடாதீர்கள். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. அடுத்து, ஸ்கிரீன்ஷாட்ஸ் உறையின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் திறந்து, லொகேஷன் என்ற பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே மூவ் என்பதை அழுத்திப் புதிய கோப்புறையைக் காட்டி, அப்ளை கொடுங்கள். பழைய படங்களையும் கொண்டுபோகவா என்று கணினி கேட்கும், ஆம் என்க. உறையே காணவில்லையா? ஒருமுறை அவ்விரு விசைகளையும் அழுத்துங்கள், தோன்றிவிடும். மனம் மாறினால் அதே பக்கத்தில் ரெஸ்டோர் டிஃபால்ட் உண்டு.

பென்டிரைவைக் காட்டுவாரும் உளர். அதைப் பிடுங்கியதும் கணினி இடம் தெரியாமல் திகைக்கும், வேண்டாம்.

நிற்க. சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே வட்டின் இரு பகுதிகளே. வட்டே கெட்டால் இரண்டும் போகும். ஆகவே ஒப்புகைச் சீட்டு போன்றவற்றை மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு படி அனுப்பிக்கொள்ளுங்கள்.

மேக் வைத்திருப்போர்க்குப் படங்கள் டெஸ்க்டாப்பிலேயே குவியும். 2018-இல் வந்த மொஹாவி முதல், கமாண்ட், ஷிஃப்ட், 5 ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் ஆப்ஷன்ஸ் என்ற பட்டியல் கிடைக்கும். வேண்டிய இடத்தை அங்கே தேர்ந்துகொள்ளலாம்.