குறை கூறுவது வேறு, திருத்துவது வேறு!

ஞாயிறு தமிழ் ஆராதனை முடிகிறது. கோவில் வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள்.

"அந்தப் பையனைக் கொஞ்ச நாளாகக் காணோமே!" என்கிறார் ஒருவர்.

"சம்பளம் வாங்கினால் நேரே குடிக்கப் போய்விடுகிறானாம்" என்கிறார் இன்னொருவர்.

மாலைக்குள் போனில் செய்தி ஊருக்குப் போய்விடுகிறது. அங்கே தாய் அழுகிறாள். அந்தப் பையனிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை!

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த நமக்கு இது புதிய காட்சி அல்ல. கேட்டால், "அவன் நன்மைக்காகத்தானே சொன்னோம்" என்பார்கள். இது திருத்தமா, தூற்றலா?

முதலில் யாரிடம்?

மத்தேயு 18-ம் அதிகாரத்தில் இயேசு ஒரு வரிசை சொல்லியிருக்கிறார். சகோதரன் தவறு செய்தால் முதலில் அவனைத் தனியே சந்தித்துப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேருடன் போக வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபைக்குச் சொல்ல வேண்டும். நோக்கம் அவனை ஜெயிப்பது அல்ல. அவனைத் திரும்பப் பெறுவது.

நாமோ கடைசிப் படியில் தொடங்குகிறோம். முதல் படிக்கு வருவதே இல்லை!

நாத்தான் செய்தது

தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டார். உரியாவைப் போர்முனையில் சாகும்படி செய்தார். இதைக் கண்டிக்க நாத்தான் தீர்க்கதரிசி ஊரைக் கூட்டவில்லை. நேரே ராஜாவிடமே போனார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொன்னார். கொதித்தெழுந்த ராஜாவிடம், அந்தப் பணக்காரன் யார் என்பதையும் சொல்லிவிட்டார். தலை போகக்கூடிய பேச்சு! ஆனாலும் மழுப்பவில்லை. அன்பு என்றால் இனிக்க இனிக்கப் பேசுவது மட்டும் அல்ல.

பல ஆண்டுகளுக்குப் பின், தாவீது முதுமையில் தளர்ந்தார். அதோனியா அரியணையைப் பிடிக்க முயன்றான். அப்போது தாவீதின் மகன் சாலொமோனுக்காக முன்வந்து நின்றவரும் அதே நாத்தான்தான். கண்டித்தவர் கைவிடவில்லை!

யோபுவின் நண்பர்களோ ஏழு நாள் வாய் திறக்காமல் அவர் அருகில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல துணை. வாய் திறந்ததும், அவர் செய்யாத பாவத்தை அவர்மேல் சுமத்தினார்கள். முடிவில் கர்த்தரின் கோபம் அந்த நண்பர்கள்மேல்தான் வந்தது.

மூன்று கேள்விகள்

நம்மை ஒருவர் கண்டித்தால் உடனே சினம் பொங்குகிறது. சற்றுப் பொறுத்து இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்:

என் முகத்துக்கு நேரே சொன்னாரா?

செய்த தவறைச் சொன்னாரா, என்னையே ஒன்றுக்கும் உதவாதவன் என்றாரா?

சொன்ன பிறகும் என்னோடு நிற்கிறாரா?

மூன்றுக்கும் விடை நல்லதாக இருந்தால், கசந்தாலும் அது மருந்து. இல்லையென்றால் அந்தச் சொல்லை மனதில் சுமந்து திரிய வேண்டாம். மற்றவரைக் கண்டிக்கும் முன் நமக்கு நாமே கேட்க வேண்டியவையும் இவையே.

தவறியவனைச் சாந்தமாகச் சீர்ப்படுத்தும்படி கலாத்தியருக்குப் பவுல் எழுதினார். அங்கே மூல கிரேக்கத்தில் உள்ள அதே வினைச்சொல், யாக்கோபும் யோவானும் படகில் வலையைப் பழுது பார்த்ததைச் சொல்லும் இடத்திலும் வருகிறது. வலை கிழிந்தால் மீனவர் அதைக் கரையில் போட்டுப் பழிப்பதில்லை. மடியில் வைத்து, கண்ணி கண்ணியாகச் சேர்க்கிறார்.

அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் நிற்க வேண்டாம். அந்தப் பையனின் அறைக் கதவைத் தட்டுங்கள். "சாப்பிட்டாயா தம்பி?" என்று பேச்சைத் தொடங்குங்கள்.