மலைச் சரிவில் பூக்கும் மருந்துக் கூர்க்கன்

வீட்டு முற்றத்துத் துளசியையும் வயல் வரப்பில் முளைக்கும் தும்பையையும் ஒருமுறை பறித்து ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டு நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பூவின் இதழ்கள் மேலுதடு, கீழுதடு எனப் பிரிந்திருக்கும். மருந்துக் கூர்க்கனும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சளிக்குச் சாறு பிழியும் கற்பூரவல்லி இதற்கு மிக நெருங்கிய உறவு. வெயில் படும் வறண்ட மலைச்சரிவுகளில் 600 முதல் 1,800 மீட்டர் உயரம் வரை இது தானாக வளர்ந்து, கதிர் கதிராக நீலப்பூ பூக்கும்.

பூவுக்காக இதை யாரும் தேடுவதில்லை. கிழங்காகப் பருக்கும் வேருக்குத்தான் விலை. வேரிலுள்ள ஃபோர்ஸ்கோலின் என்னும் பொருளை 1970-களில் நம் நாட்டு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்தையும் கண்ணின் உள்ளழுத்தத்தையும் குறைக்கும் தன்மை இதற்கு உண்டு. தேவை கூடவே, மலைகளில் தோண்டுவதும் கூடியது. இலை பறித்தால் செடி மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால் அச்செடி அத்தோடு சரி. பூத்து விதை விழுமுன் தோண்டினால் அடுத்த தலைமுறையும் இல்லை. இவ்வாறே பல சரிவுகளில் இச்செடி அரிதாகிவிட்டது.

ஆகவே, கிழங்கு வேண்டுவோர் பயிரிட்டே பெறுதல் வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்ட விவசாயிகள் இதைப் பயிரிட்டு வருகின்றனர். மூன்று நான்கு கணுக்களுள்ள நுனித்தண்டை நாற்றங்காலில் வேர்விடச் செய்து, ஒரு மாதத்தில் வடிகால் வசதியுள்ள நிலத்தில் பார்பிடித்து நடலாம். ஐந்து, ஆறு மாதங்களில் கிழங்கு தோண்டலாம். பூ தோன்றியதும் கிள்ளிவிடுங்கள். சத்து கிழங்குக்குச் செல்லும்.

இங்குதான் ஒரு சிக்கல். தண்டு வைத்தே பெருக்குவதால் வயல் முழுவதும் ஒரே குணமுள்ள செடிகளாகின்றன. வேர்முடிச்சு நூற்புழுவும் கிழங்கு அழுகலும் புகுந்தால் எல்லாச் செடிகளும் ஒன்றாகவே பாதிக்கப்படும். நூற்புழு இல்லாத மண்ணில் நாற்றங்கால் அமையுங்கள். அடுத்த பயிராகச் செண்டுமல்லி போடுங்கள். எதிர்ப்புத் திறனுள்ள இரகம் உருவாக்க வேண்டுமெனில், வெவ்வேறு குணங்களுள்ள காட்டுச் செடிகள் ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தாக வேண்டும். மலையில் பூத்து விதைக்கும் செடிகளே அந்த இருப்பு. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் தோண்டுவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

நடுமுன் விற்பனை ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். பத்து கிலோ பச்சைக் கிழங்கு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். எனவே, சொல்லப்படும் விலை பச்சைக்கா, காய்ந்ததற்கா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.