நிறையும் குறையும் எழுதும் நெறி

நுழையும்முன்

தொட்டும் தட்டியும் பார்த்துப் பொருள் வாங்கிய காலம் மாறி வருகிறது. முன்னரே வாங்கிப் பயன்படுத்தியவர் எழுதும் மதிப்புரையே இன்று பலருக்கு வழிகாட்டியாக அமைகிறது. அதில் நிறைகுறைகளைப் பிறர்க்குப் பயன்படுமாறு எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மனநிலையும் பொருள்நிலையும்

பல மாதங்கள் சேர்த்த பணத்தில் மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றை வாங்க ஒரு குடும்பம் எண்ணுகிறது. மதிப்புரைகளைத் தேடிப் படிக்கிறது. ‘மிக அருமை’ என்கிறது ஒன்று; ‘பணம் வீண்’ என்கிறது மற்றொன்று. இரண்டையும் படித்த பின்னும் அக்குடும்பத்தினரால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. ஏனெனில், அவை எழுதியவரின் மனநிலையை உணர்த்தினவே அன்றிப் பொருளின் தன்மையை உணர்த்தவில்லை.

யாருக்கு நிறை? யாருக்குக் குறை?

நிறையும் குறையும் பொருளில் மட்டும் இருப்பவை அல்ல; பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோர்க்கும் உள்ள பொருத்தத்தில் தோன்றுபவை. இரண்டு லிட்டர் கொள்ளளவு, மூவர் வாழும் வீட்டிற்குப் போதுமானது. சிற்றுண்டிக் கடைக்குப் போதாதது. சாய்த்து மாவை வழிக்கும் பெரிய கிரைண்டரின் எடை, சொந்த வீட்டில் வாழ்வோர்க்குப் பொருட்டன்று. அடிக்கடி வாடகை வீடு மாறுவோர்க்கு அதுவே சுமை. எனவே, ‘சிறியது’, ‘கனமானது’ என்று மட்டும் எழுதாமல், எத்தனை பேருக்காக, எத்தகைய இடத்தில் பயன்படுத்தினோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்போதுதான் படிப்பவர் தம் நிலையோடு ஒப்பிட்டு முடிவெடுக்க இயலும்.

சான்றோடு கூறல்

‘சத்தம் அதிகம்’ என்பது கருத்து. ‘அது ஓடும்போது அதே அறையில் இயல்பான குரலில் பேசினால் கேட்பதில்லை’ என்பது சான்று. ‘கழுவுவது கடினம்’ என்பதைவிட, ‘பாத்திரத்தின் நடுத்தண்டின் அடியில் மாவு தங்கிவிடுகிறது’ என்பதே பயனுடையது. பயன்படுத்திய கால அளவையும் குறிப்பிட வேண்டும். ஒரு வாரத்தில் எடையும் ஓசையும் புலப்படும். உறுதியும் தேய்மானமும் மாதங்கள் கடந்த பின்னரே புலப்படும்.

பிரித்தறிதல்

பொருள் தாமதமாக வந்து சேர்ந்தது என்பதற்காகப் பொருளையே பழிப்பது முறையன்று. அது கொண்டுவந்து சேர்த்தவரின் குறை. கைக்கு வந்த ஒரு பொருளில் மட்டும் உள்ள பழுதும், வடிவமைப்பிலேயே உள்ள குறையும் வேறுவேறானவை. இவற்றைப் பிரிக்காமல் எழுதினால், வாங்குவோர் நல்ல பொருளை இழப்பர். சிறு பட்டறையில் உழைத்துச் செய்தவரோ பிறர் தவற்றுக்காகத் தம் விற்பனையை இழப்பார்.

எண்ணிக்கையன்று, எடை

நடுநிலை என்பது ஐந்து நிறைகளுக்கு ஐந்து குறைகளைத் தேடி எழுதுவதன்று. அழகிய நிறம், குறைந்த விலை, எளிய பயன்பாடு எனப் பல நிறைகள் இருப்பினும், உடலைத் தொட்டால் மின்னதிர்ச்சி தரும் என்னும் ஒரு குறை அவை அனைத்தையும் விஞ்சும். அத்தகைய குறையை முதலிலேயே எழுத வேண்டும். நன்மை தீமை இரண்டையும் ஆராய்ந்து, மேலோங்கி நிற்பதைக் கொண்டு முடிவுசெய்யும் நெறியை ஒருவரைத் தேர்ந்து தெளிவதற்குரியதாகத் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் வகுத்தார் வள்ளுவர். அந்நெறி பொருளுக்கும் பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

• பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை முதலியவற்றை அறியும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வழங்குகிறது.
• இணையவழி நுகர்வோர் மதிப்புரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ஆம் ஆண்டில் ஐஎஸ் 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. நேர்மை, துல்லியம், வெளிப்படைத்தன்மை ஆகியன அதன் அடிப்படைகளுள் சில.
• கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றது.

முகமறியாத ஒருவர் நம் சொல்லை நம்பித் தம் உழைப்பின் ஊதியத்தைச் செலவிடுகிறார். பணம் பெற்றுக்கொண்டு புகழ்வதும், சினத்தால் இகழ்வதும் அந்நம்பிக்கையைக் கெடுக்கும். கண்டதைக் கண்டவாறு, அளவோடும் சான்றோடும் எழுதுவதே அதனைக் காக்கும்.

கற்பவை கற்றபின்…

உங்கள் வீட்டில் ஆறு மாதங்களுக்கு மேல் பயன்படுத்தும் பொருள் ஒன்றன் நிறைகள் மூன்றையும் குறைகள் இரண்டையும் சான்றுகளோடு எழுதுக. அப்பொருள் யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதன்று என்பதையும் குறிப்பிடுக.