கட்டுரை திரும்பி வந்தால் இளம் மனநல மருத்துவர் என்ன செய்யலாம்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் மனநல மருத்துவம் படிப்பவருக்கு ஆய்வேடு இல்லாமல் எம்.டி. பட்டம் கிடையாது. படிப்பு முடிந்தாலும் ஆய்வு விடுவதில்லை. மருத்துவக் கல்லூரியில் இணைப் பேராசிரியராக உயர, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகள் குறைந்தது 2 ஆய்வுக் கட்டுரைகளைக் கேட்டன. மெட்லைன், ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களில் உள்ள இதழ்களில் அவை வந்திருக்க வேண்டும் என்றும் விதித்தன. ஆகவே, ஓர் ஆய்விதழின் முடிவு பதவி உயர்வையும் தொடுகிறது.

யார் படிக்கிறார்கள்?

வந்த கட்டுரையை முதலில் இதழாசிரியர் பார்ப்பார். பொருந்தாதவை அங்கேயே திரும்பிவிடும். மற்றவை அதே துறையின் இரண்டு மூன்று வல்லுநர்களிடம் போகும். மதிப்பாய்வு எனப்படும் இது பெரும்பாலும் ஊதியமில்லாத வேலை. நோயாளிகளின் எண்ணிக்கை போதுமா, மனச்சோர்வை அளக்கும் வினாப்பட்டியல் கன்னடத்திலோ தமிழிலோ முறைப்படி சோதிக்கப்பட்டதா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா, தரவு சொல்வதற்கு மேல் முடிவுரை பேசுகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். இதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும்.

இதழை மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது முறைகேடு. மறுப்புக் கடிதம் வந்த பிறகே அடுத்த இதழ். அதுவும் மதிப்பாய்வாளர் சுட்டிய குறைகளைத் திருத்திய பிறகு. இந்திய மனநல மருத்துவம் சிறிய உலகம். அடுத்த இதழிலும் அதே வல்லுநரின் கைக்கே கட்டுரை போய்ச் சேரலாம்.

அவசரத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பாய்வின்றி வெளியிடும் இதழ்களிடம் சிக்குவதும் உண்டு. மதிப்பாய்வு நடப்பதாகச் சொல்லி ஏமாற்றியது உள்ளிட்ட புகார்களில், ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் பதிப்பகம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த அமெரிக்க நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது.

நல்ல இதழ்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் தென்மண்டலக் கிளை நடத்தும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கலாஜிக்கல் மெடிசின்' 2020-இல் சேஜ் பதிப்பகத்துக்கு மாறியது. உயிரியல் இதழான 'ஈலைஃப்' 2023 முதல், மதிப்பாய்வுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரைகளை ஏற்பு, மறுப்பு என்று பிரிக்காமல் கருத்துரைகளுடன் வெளியிடுகிறது. எனவே பழைய பெயரை நம்பாமல், அனுப்பும் நாளில் இதழ் எந்தத் தரவுத்தளத்தில் இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பதே பாதுகாப்பு.

மதிப்பாய்வை எங்கே கற்பது?

பதவி உயர்வு விதிகள் எழுதிய கட்டுரைகளை எண்ணுகின்றன. பிறர் கட்டுரையைப் படித்துத் திருத்திய உழைப்பை எண்ணுவதில்லை. ஆனால் குறை காணப் பழகியவருக்கே தன் கட்டுரையின் ஓட்டையும், மதிப்பாய்வே இல்லாமல் 'ஏற்றோம்' என்று எழுதும் இதழின் போலித்தனமும் தெரியும். இதழாசிரியரின் அனுமதியுடன் மூத்தவரோடு சேர்ந்து மதிப்பாய்வு செய்யப் பல இதழ்கள் இடம் தருகின்றன. துறைகளில் நடக்கும் ஜர்னல் கிளப்பில் அச்சான கட்டுரைகளைத்தான் அலசுகிறார்கள். மாதம் ஒருமுறை, சக மாணவர் இன்னும் அனுப்பாத கட்டுரையை எடுத்து மதிப்பாய்வு எழுத வைக்கலாம். அதற்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை.