தகவல் களஞ்சியமும் தகுந்த காவலும்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

நமது மதிப்பெண்கள், மருத்துவக் குறிப்புகள், பெற்றோரின் வங்கிக் கணக்குகள் ஆகியவை இன்று கணினியிலுள்ள தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. அவற்றைக் காத்து வைத்திருப்பது ‘சர்வர்’. அதனிடம் கேட்டுப் பெறும் மென்பொருள் ‘கிளையன்ட்’. மென்பொருளை உருவாக்கியவர்கள் முன்கூட்டியே செய்து வைக்கும் தெரிவை ‘டீஃபால்ட்’ என்பர். பெரும்பாலோர் அதனை மாற்றுவதில்லை. ஆகவே அத்தெரிவு நல்லதாக அமைதல் மிக அவசியம்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கிளையன்டின் இயல்பான அமைப்பு ‘ப்ரிஃபர்’ என்பதாகும். அது மறையாக்கம் உண்டா என்று சர்வரைக் கேட்கும். ‘இல்லை’ என்றால் வெளிப்படையாகவே பேசிவிடும். உறை கிடைக்காவிட்டால் அஞ்சலட்டையில் எழுதுவது போன்றது இது. இடையில் நிற்கும் திருடனே ‘இல்லை’ என்று பொய்ப் பதில் தந்துவிடலாம் அல்லவா?

‘ரிக்வயர்’ என்று அமைத்தால் மறையாக்கம் கட்டாயமாகும். ஆயினும் உறையை ஒட்டி, தபால்காரர் வேடமிட்ட திருடனிடம் கொடுத்தால் என்ன பயன்? ‘வெரிஃபை-ஃபுல்’ என்ற அமைப்பே சர்வரின் சான்றிதழையும் பெயரையும் சரிபார்க்கிறது. பழைய கணினிகளின் இணைப்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே ‘ப்ரிஃபர்’ நீடிக்கிறது.

அடுத்தது கடவுச்சொல். 2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10, ‘ஸ்க்ராம்’ முறையை அறிமுகப்படுத்தியது. இதில் கடவுச்சொல்லை அனுப்பாமலே, அதனை அறிந்திருப்பதை கிளையன்ட் மெய்ப்பிக்கிறது. சர்வரும் தன்னை மெய்ப்பிக்கிறது. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பு முதல், புதிய கடவுச்சொற்களைச் சேமிக்க இதுவே இயல்பான முறையாயிற்று. எனினும் எந்த முறையில் கேட்பது என்பதைத் தீர்மானிப்பது சர்வரே. போலி சர்வர் கடவுச்சொல்லை அப்படியே கேட்டால், கிளையன்ட் கொடுத்துவிடக்கூடும். 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பில்தான் ‘இம்முறை தவிர வேறெதையும் ஏற்காதே’ என்று கிளையன்டுக்குக் கட்டளையிடும் வசதி பிறந்தது.

2021-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது எஸ்.க்யூ.எல். கிளையன்டில் மறையாக்கத்தை இயல்பாக்கியது. முறையான சான்றிதழ் இல்லாத சர்வர்களுடன் இணைப்புகள் தடைப்பட்டன. அப்போது சான்றிதழைச் சரியாக அமைப்பதே முறை. ‘சோதிக்காமலே நம்பு’ என்று அமைப்பது கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே விடுவதாகும்.

எனவே, நல்ல டீஃபால்ட் என்பது ஐயம் வந்தால் இணைய மறுப்பது. மறுத்த காரணத்தைத் தெளிவாகச் சொல்வது. காவலைத் தளர்த்த விரும்புவோர் அறிந்தே தளர்த்தட்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. நாளை கணினித் துறையில் நுழையவிருக்கும் நாம் இதனை மனத்தில் பதிப்போமாக!